பரிசோதனை ட்ரான்ஸ்: வராத ட்ராப்பை எப்படிக் கேட்பது?

ட்ரான்ஸ் என்பது மின்னணு நடன இசையில் ஒரு வகை. அதில் பரிசோதனை ஆல்பம் ஒன்றை முதல் தடவை போடுகிறவர்களில் பலர் மூன்றாவது நிமிடத்துக்குள் அடுத்த ட்ராக்குக்குத் தாவிவிடுகிறார்கள். ஒலி ஏறிக்கொண்டே போகிறது, இதோ ட்ராப், அதாவது தாளமும் மெட்டும் ஒன்றாக வந்து விழும் உச்சம், வரப்போகிறது என்று காது தயாராகிறது, வருவதில்லை. இன்னும் கொஞ்சம் ஏறுகிறது. அப்போதும் வருவதில்லை. பிறகு சத்தமில்லாமல் வேறொன்று தொடங்கிவிடுகிறது. கோளாறு ஆல்பத்திலா, ஸ்பீக்கரிலா, கேட்கிற நம்மிடமா என்று புரியாமல் நிறுத்திவிடுவது இயல்புதான்.

பெரும்பாலும் எதிலும் கோளாறு இருக்காது. கேட்பவருக்கு வழக்கமான ட்ரான்ஸ் பழக்கம் என்று எடுத்துக்கொண்டு, அதிலிருந்து ஓர் உறுப்பைக் கழற்றிவிட்டு மிச்சத்தை ஓட்டிக் காட்டுகிற இசை இது. எது கழன்றிருக்கிறது என்று பிடிபட்டால் அந்த மூன்றாவது நிமிடம் சுவாரசியமாகிவிடும். பிடிபடாவிட்டால் ஒரே சத்தம் திரும்பத் திரும்ப ஓடுகிறது என்றுதான் படும். ஆகவே முதலில், எதுவும் கழற்றாத வண்டியை ஒரு சுற்று பார்த்துவிடுவோம்.

கழற்றுவதற்கு முன்

ட்ரான்ஸ் 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியில், குறிப்பாக ஃபிராங்க்ஃபர்ட், பெர்லின் நகரங்களின் கிளப்புகளில் டெக்னோ என்ற மின்னணு நடன இசையிலிருந்து பிரிந்து வளர்ந்தது. வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 130 முதல் 140 பீட். கோவாவின் கடற்கரை விருந்துகளிலிருந்து கிளைத்த சைட்ரான்ஸ் என்ற வகை 140-ஐயும் தாண்டும். ஒவ்வொரு பீட்டிலும் கிக் டிரம் என்ற ஆழ்ந்த முரசின் ஓர் அடி விழும். நான்கு அடி சேர்ந்தால் ஒரு பார். கிக் அடிகளின் இடைவெளியில் பேஸ். அதற்கு மேலே ஆர்பெஜ்ஜியோ, அதாவது ஒரு கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தின்) ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்காமல் ஒவ்வொன்றாக உதிர்ப்பது. எல்லாவற்றுக்கும் மேலே, அகலமாகப் பளபளக்கும் ஒரு சின்த் (சிந்தசைசர்) ஒலி.

அந்தப் பளபளப்புக்கு ஒரு பெயர் உண்டு: சூப்பர்சா. ரோலண்ட் நிறுவனம் 1996-இல் கொண்டுவந்த ஜேபி-8000 என்ற சிந்தசைசரில்தான் அது முதலில் வந்தது. ரம்பப் பல் போன்ற வடிவமுள்ள ஏழு அலைகளை ஒரே ஸ்வரத்தில் ஒலிக்கவிட்டு, ஒவ்வொன்றையும் சுருதியில் இம்மியளவு விலக்கி வைப்பது அதன் உத்தி. 440 ஹெர்ட்ஸில் ஓர் ஒலியும் 442 ஹெர்ட்ஸில் ஓர் ஒலியும் சேர்ந்தால் நொடிக்கு இரண்டு முறை பெருகிக் குறையும். தம்புராவுக்குச் சுருதி சேர்க்கும்போது இரண்டு தந்திகள் நெருங்கி வரும் வேளையில் ஓர் அலை எழுந்து எழுந்து அடங்குமே, அதேதான். இங்கே ஏழு தந்திகள், அதனால் ஒன்றோடொன்று மோதும் பல அலைகள். தனித்தனி அலையாகக் கேட்காமல் மொத்தமாக ஓர் ஒளிவட்டம் மாதிரி விரிகிறது.

இனி ட்ராக்கின் நடை. வேகம் 138 பீட் என்று வைத்துக்கொண்டால் ஒரு பார் 1.74 நொடி; 32 பார் சுமார் 56 நொடி. மாதிரிக்கு ஒரு ட்ராக்கை இப்படிப் பிரிக்கலாம். தொடக்கத்திலிருந்து 0:56 வரை வெறும் தாளம். 0:56-இல் பேஸ் நுழைகிறது. 1:51-இல் ஆர்பெஜ்ஜியோ. 2:47-இல் கிக் சட்டென்று நின்றுபோகிறது. இதுதான் பிரேக்டவுன், மெட்டு வெளிப்படையாகத் தெரியும் இடம். 3:43-இலிருந்து பில்டப்: ஸ்நேர் டிரம் பீட்டுக்கு ஒன்று, பிறகு இரண்டு, பிறகு நான்கு என்று நெருங்குகிறது, இரைச்சல் ஒன்று காற்று போல மேலேறுகிறது, மேல் ஒலிகளை மறைத்து வைக்கும் ஃபில்டர் மெல்லத் திறந்து ஒலி மங்கலிலிருந்து கூர்மைக்கு வருகிறது. 4:10-இல் ட்ராப். கிக், பேஸ், மெட்டு மூன்றும் ஒரே நொடியில் திரும்பி வருகின்றன. 6:02 வரை அது ஓடி, மீண்டும் வெறும் தாளமாக இளைத்து 6:57-இல் முடிகிறது. எல்லா ட்ராக்கும் இந்த நொடிக்கணக்கில் வராதுதான். ஆனால் மாற்றங்கள் 8, 16, 32 பார் எல்லையில் விழும் என்பது ஏறக்குறைய சட்டம்.

எண்ணிப் பார்க்க எளிய வழி: ஆதி தாளம். ஒவ்வொரு பீட்டுக்கும் கை போட்டால் ஓர் ஆவர்த்தனம், அதாவது எட்டு எண்ணிக்கைச் சுற்று, இரண்டு பாருக்குச் சமம். 138-இல் கை ஓடுவது கொஞ்சம் வேகம். ஒரு பீட் விட்டு ஒரு பீட்டுக்குப் போட்டால் நிதானமாக இருக்கும். அப்போது ஓர் ஆவர்த்தனம் நான்கு பார், எட்டு ஆவர்த்தனம் 32 பார். எட்டாவது ஆவர்த்தனத்தின் கடைசி வீச்சில் ஏதாவது ஒன்று மாறப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். நாலைந்து ட்ராக்கில் பழகினால் கை போடாமலே உடம்பு எண்ணத் தொடங்கிவிடும். பரிசோதனை ஆல்பத்துக்குள் போக இந்த ஒரு பயிற்சி போதும் என்றே சொல்லலாம். மற்றதெல்லாம் இதன் மேல் வந்து உட்காரும்.

அந்த ஒரு நிமிட வெறுந்தாளம் தொடக்கத்திலும் முடிவிலும் ஏன்? டிஜே ஒரு ட்ராக்கின் வாலை அடுத்ததன் தலையோடு சேர்த்து ஓட்டுவதற்கான இடம் அது. வீட்டில் கேட்கும் ஆல்பத்துக்கு அது தேவையில்லை. அதனால்தான் பரிசோதனை ஆல்பங்களில் ட்ராக்குகள் நடுவிலிருந்து தொடங்குவதுபோலவும் பாதியில் அறுபடுவதுபோலவும் தோன்றும்.

எதையெல்லாம் கழற்றுகிறார்கள்

அதிகம் கழற்றப்படுவது ட்ராப்தான். பில்டப் இருக்கும், ட்ராப் இருக்காது. இத்தாலிய இசைக்கலைஞர் லோரென்சோ சென்னி 2012-இல் வெளியிட்ட ‘குவாண்டம் ஜெல்லி’யிலிருந்தே இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு வேலை செய்துவருகிறார். ஸ்நேரும் கிக்கும் இல்லாமல், பில்டப்பில் வரும் கூரான சின்த் கார்டுகளை மட்டும் தனியே எடுத்து, புள்ளி புள்ளியாக வைக்கிறார். தன் பாணிக்கு அவர் வைத்த பெயரே புள்ளிக்கோவை ட்ரான்ஸ் என்ற பொருள் தருவது. இதைக் கேட்கும்போது செய்யக்கூடாத ஒன்று, ட்ராப்புக்காகக் காத்திருப்பது. செய்யவேண்டியது, ஏற்றத்துக்குள்ளேயே என்ன மாறுகிறது என்று பார்ப்பது. ஒவ்வொரு கார்டும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது? முந்தையதைவிடக் குறைவாகவா? ஃபில்டர் திறந்தபடி இருக்கிறதா, திறந்து திறந்து மூடுகிறதா? ஸ்வரத்துக்குப் பின்னால் ரிவெர்ப் என்ற எதிரொலி மூட்டம் நீள்கிறதா, திடீரென்று வெட்டப்படுகிறதா? நடன அரங்கில் இவற்றை யாரும் கவனிப்பதில்லை. கால் தரையில் இல்லாத நேரம் அது. எல்லோரும் கீழே இறங்குவதற்காகக் காத்திருப்பார்கள்.

அடுத்து, கிக். பெர்லினைச் சேர்ந்த பார்க்கர் 2019-இல் வெளியிட்ட ‘யுட்டிலிட்டி’ ஆல்பம் இதற்கு நல்ல உதாரணம். நடன இசையின் வேகமும் துடிப்பும் அப்படியே இருக்க, அதன் முதுகெலும்பான கிக்கை விலக்கிவிட்ட ஆல்பம். கிக் இல்லாமல் பீட் எப்படித் தெரிகிறது? மற்ற ஒலிகள் அதைக் காட்டிக்கொடுக்கின்றன. ட்ரான்ஸில் சைட்செயின் என்ற ஓர் உத்தி உண்டு: கிக் விழும் ஒவ்வொரு முறையும் பின்னணிக் கார்டின் ஒலியளவு சட்டென்று தாழ்ந்து, அடுத்த கிக்குக்குள் மீண்டும் எழும். மூச்சு விடுவதுபோல இருக்கும். கிக்கின் ஒலியை மட்டும் நீக்கிவிட்டு அந்தத் தாழ்வை விட்டுவைக்கவும் முடியும். அப்படிச் செய்தால் ஆள் போய்விட்டான், அவன் நிழல் மட்டும் சுவரில் நடக்கிறது. கிக் இல்லாத ட்ராக் ஒன்றில் தலை தானாக ஆடினால், எந்த ஒலி ஆட்டுகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் இந்த மூச்சாக இருக்கும். இல்லாவிட்டால் டிலேயாக இருக்கும். டிலே என்பது ஒரு ஸ்வரத்தைச் சற்றுத் தாமதித்துத் திரும்ப ஒலிப்பது. ட்ரான்ஸில் அதை முக்கால் பீட் தாமதத்தில் வைப்பது வழக்கம். 138-இல் அது 0.33 நொடி. நேர்ப் பீட்டில் வாசிக்கும் ஸ்வரமும் முக்கால் பீட் தள்ளி வரும் அதன் எதிரொலியும் பின்னிக்கொண்டு, யாரும் வாசிக்காத ஒரு குதிரைநடை உண்டாகிறது.

மூன்றாவது, எண்ணிக்கை. நமக்கு மிக எளிதாகப் பிடிபடக்கூடியது இதுதான், ஆனால் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். வழக்கமான ட்ரான்ஸில் ஆர்பெஜ்ஜியோ ஒரு பாருக்கு 16 படி, அதாவது பீட்டுக்கு நான்கு. அதை 7 படியாக வெட்டி, கிக்கை நான்கிலேயே விட்டால், மிஸ்ரமும் சதுஸ்ரமும் ஒரே நேரத்தில் ஓடுவதுபோல ஆகும். ஏழு படி வரிசை 16 முறை சுற்றினால் 112 படி. அது சரியாக ஏழு பார். 138-இல் 12.2 நொடிக்கு ஒரு முறை இரண்டும் ஒன்றாக விழும். 5 படி வரிசை ஒன்றையும் சேர்த்துவிட்டால் மூன்றும் சந்திக்க 35 பார் ஆகும், ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். கச்சேரியில் கோர்வை போடுகிறவர் கணக்குப் பார்த்து எடுப்பில் கொண்டுவந்து விடுகிறார், சபை கை தட்டுகிறது. இங்கே அப்படிக் கொண்டுவந்து விடுகிறவர் யாருமில்லை. இயந்திரம் பாட்டுக்கு ஓடுகிறது, சந்திப்பு வரும்போது வருகிறது, அதை யாரும் அடிக்கோடிட்டுக் காட்டுவதில்லை. காது கொடுத்தால் அந்த இடத்தில் ஒலி ஒரு கணம் நிமிர்ந்து நிற்பது தெரியும்.

இதற்கு நெருங்கிய உறவு, விலகல். ஒரே வரிசையை இரண்டு பிரதியாக, ஒன்றை 138-லும் மற்றதை 137.5-லும் ஓட்டினால், இரண்டும் ஒரு பீட்டில் கால் பங்கு விலக 30 நொடி ஆகும். முதலில் எதிரொலி போல, பிறகு இரட்டை வேகம் போல, பிறகு குழப்பம் போல, மீண்டும் தெளிவு. மின்னணு இசைக்கு இது புதிதல்ல. அமெரிக்காவின் ஸ்டீவ் ரைக் 1965-இலேயே திரும்பத் திரும்ப ஓடும் இரண்டு டேப் துண்டுகளை (லூப்) வைத்து இதைச் செய்துவிட்டார்.

மற்ற வகைகளை வேகமாகச் சொல்லிவிடலாம். கார்டு மாற்றத்தைக் கழற்றி ஒரே ஸ்வரத்தில் நிற்க வைப்பது. மெட்டைக் கழற்றி இரைச்சலை முன்னிறுத்துவது. பாடகர் குரலை அசைகளாக நறுக்கித் தாள வாத்தியமாக்குவது. சிடி தடுமாறுவது போன்ற வெட்டுகளை வேண்டுமென்றே நுழைப்பது. கடைசியில் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கோப்பு கெட்டுவிட்டதென்று திரும்ப டவுன்லோடு செய்கிறவர்கள் உண்டு. அதே இடத்தில் மறுபடி அதே வெட்டு, அதுவும் பீட்டோடு ஒட்டி வந்தால், அது எழுதப்பட்டது.

நீட்சி என்பது தனி விஷயம். ஜெர்மானியக் கிதார்க் கலைஞர் மானுவேல் கோட்ஷிங் 1981-இல் பதிவுசெய்து 1984-இல் வெளியிட்ட ‘இ2-இ4’ ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும் ஒரே படைப்பு. இரண்டு கார்டுகள் மாறி மாறி வருகின்றன, அவ்வளவுதான் என்று சொன்னால் பொய்யில்லை. ஆனால் பாதிக்கு மேல் கிதார் நுழையும்போது அந்த இரண்டு கார்டுகள் புதிதாகத் தெரிவதற்குக் காரணம், அதுவரை வேறெதுவும் வராததுதான். ராகம் கேட்டுப் பழகியவருக்கு இதில் அதிர்ச்சி இருக்காது. சொல்லப்போனால் 1982-லேயே மும்பையில் சரண்ஜித் சிங் பத்து ராகங்களை ரோலண்டின் டிபி-303 பேஸ் இயந்திரத்தில் டிஸ்கோ பீட்டோடு ஓட்டி ஓர் ஆல்பமாக்கினார். சிகாகோவில் அதே இயந்திரத்திலிருந்து ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை பிறந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. 2010-இல் அந்த ஆல்பம் மறுவெளியீடு கண்டபோதுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது.

காதுக்கு வரும் முன் எங்கே கெடுகிறது

எதைக் கழற்றியிருக்கிறார்கள் என்று தேடும் இசையில், நம் கருவி தன் பங்குக்கு ஒன்றைக் கழற்றிவிட்டால் எல்லாம் குழம்பிவிடும்.

முதல் குற்றவாளி போனின் ஸ்பீக்கர். கிக்கின் அடிநாதம் 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. போன் ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே இறங்க முடியாது. சாதாரணப் பாட்டில் இது பெரிதாகத் தெரியாது. கீழ் ஸ்வரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேல் இழைகளைக் கேட்டு, அடி ஸ்வரத்தை மூளையே நிரப்பிக்கொள்ளும். பரிசோதனை இசையில் வரும் ஆழ்ந்த பேஸ் பெரும்பாலும் மேல் இழைகள் அதிகமில்லாத வழவழப்பான ஒலி. மூளைக்கு நிரப்பிக்கொள்ளப் பிடிமானம் இல்லை. ஆக அந்த அடுக்கு சுவடில்லாமல் காணாமல் போகும். இசைக்கலைஞர் கிக்கை எடுத்தாரா, போன் எடுத்ததா என்று தெரியாமலே போகும்.

ஹெட்போனோ இயர்போனோ போதும். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. ப்ளூடூத்தா வயரா என்ற வாக்குவாதமும் இங்கே இரண்டாம்பட்சம். காதில் பொருந்துகிறதா என்பதுதான் முக்கியம். காதுக்குள் நுழையும் இயர்பட்டை மெல்ல உள்ளே அழுத்திப் பாருங்கள்; பேஸ் சட்டென்று கூடினால் ரப்பர் முனை சின்னதாக இருக்கிறது, காற்று கசிகிறது என்று பொருள். பெட்டியோடு வந்த அடுத்த அளவை மாட்டுங்கள். ஒரு காதில் மட்டும் மாட்டிக் கேட்கும் பழக்கம் இங்கே ஆகாது: ஆர்பெஜ்ஜியோவின் ஒரு ஸ்வரம் இடதிலும் அடுத்தது வலதிலும் விழும்படி வைத்திருப்பார்கள், பாதி ஸ்வரம் போய்விடும். போனின் அமைப்புகளில் மோனோ ஆடியோ என்ற சுவிட்ச் தெரியாமல் இயங்கிக்கொண்டிருந்தாலும் சூப்பர்சாவின் விரிவு சுருங்கிவிடும். இடமும் வலமும் சேரும்போது சில அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

ஸ்பீக்கரில் கேட்பதென்றால், இரண்டு ஸ்பீக்கரும் தலையும் சம முக்கோணமாக வரும்படி உட்காருங்கள். 55 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை காற்றில் 6 மீட்டருக்கு மேல் நீளும். சுவரில் பட்டுத் திரும்பும் அலை நேராக வரும் அலையோடு மோதி, அறையில் சில இடங்களில் பேஸே இல்லாமலும் சில இடங்களில் அளவுக்கு மீறியும் இருக்கும். நாற்காலியை அரை மீட்டர் முன்னே பின்னே நகர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும். ஸ்பீக்கரை மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் பெருத்துக்கொண்டு மற்றதை மூடும்.

பிறகு செயலியின் அமைப்புகள். ஷஃபிளை அணைப்பது சொல்லாமலே தெரியும். கிராஸ்ஃபேடை அணைக்க மறந்துவிடுகிறோம். ஒரு ட்ராக்கின் முடிவைத் தேய்த்து அடுத்ததோடு கலப்பது அதன் வேலை. அறுபட்டு முடிய வேண்டிய இடம் மழுங்கிப்போகும். இடைவெளியில்லாத பிளேபேக் என்ற அமைப்பை மட்டும் இயக்கி வையுங்கள். எம்பி3 கோப்பு ஒலியை 1152 சாம்பிள்கள் (ஒலியின் அளவீட்டுப் புள்ளிகள்) கொண்ட கட்டங்களாகச் சேமிக்கிறது. ஒரு கட்டம் சுமார் 26 மில்லிநொடி. கோப்பின் தலையிலும் வாலிலும் இப்படிக் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்ளும். 50 மில்லிநொடி மௌனம் என்ன பெரிது என்று தோன்றலாம். 138 வேகத்தில் ஒரு படி 109 மில்லிநொடிதான். பீட் தொடர்ந்து ஓடும் இரண்டு ட்ராக்குகளுக்கு நடுவே அரைப் படி இடறினால் கால் தவறிப் படியில் இறங்கியதுபோல இருக்கும்.

ஒலியளவைச் சமன்செய்யும் அமைப்பு ட்ராக்குக்கு ட்ராக் வேலை செய்தால், வேண்டுமென்றே தாழ்வாக வைத்த ட்ராக்கையும் உயர்த்திவிடும். ஆல்பம் முழுமைக்கும் ஒரே அளவில் சமன்செய்யும் தேர்வு இருந்தால் அதை எடுங்கள், இல்லையேல் அணைத்துவிடுங்கள். ஸ்ட்ரீமிங் தரத்தையும் பாருங்கள்: நொடிக்கு 96 கிலோபிட் போன்ற குறைந்த தரத்தில் முதலில் கெடுவது இரைச்சல்தான். இரைச்சலுக்குள் திரும்ப வரும் ஒழுங்கு எதுவும் இல்லாததால் அதைச் சுருக்குவது கடினம். மேலேறும் அந்தக் காற்றொலி தண்ணீருக்குள் கொப்பளிப்பதுபோல ஆகிவிடும். பேஸ் பூஸ்ட் போன்ற ஈக்வலைசர் அலங்காரங்களை எல்லாம் நடுநிலையில் வையுங்கள்.

ஓடும் வண்டியில் கேட்பதை முதல் தடவைக்காவது தவிர்க்கலாம். எஞ்சின் இரைச்சல் தாழ்ந்த ஒலிகளின் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு பேஸை மறைக்கும். அதை வெல்ல ஒலியைக் கூட்டுவோம். மேல் ஒலிகள் காதைக் குத்தும். ஒலியளவு பற்றிக் கறாரான கணக்கே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 83-இல் 20 மணி, 86-இல் 10, 89-இல் 5. ட்ரான்ஸில் இடைவிடாத ஒலி என்பதால் காது ஓய்வெடுக்கும் மௌனங்கள் குறைவு. கேட்டு முடித்தபின் காதில் ரீங்காரம் இருந்தால் அளவு மிஞ்சிவிட்டது. அடுத்த முறை இறக்குங்கள்.

மூன்று தடவை

முதல் தடவை, முழு ஆல்பமும், வரிசையாக, நிறுத்தாமல். 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். திரையைக் கவிழ்த்து வையுங்கள். மீதி எவ்வளவு நிமிடம் என்ற எண் கண்ணில் பட்டால் காது அதை எண்ணத் தொடங்கிவிடும். எதையும் ஆராய வேண்டாம். சலிப்பு வந்தால் எந்த இடத்தில் வந்தது என்று மட்டும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ட்ரான்ஸ் என்ற பெயரைப் பார்த்து மயக்க நிலை ஒன்று வந்தாக வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் வீண். வந்தால் வரட்டும்.

இரண்டாம் தடவை வேறு நாளில். சலித்த அந்த ஒரு ட்ராக்கை மட்டும் எடுத்து, அடுக்கு அடுக்காகப் பிரியுங்கள். முதல் இரண்டு நிமிடம் கீழ் ஒலியை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த இரண்டு நிமிடம் மேலே சலசலக்கும் ஹைஹாட் தாளத்தட்டையும் இரைச்சலையும். பிறகு நடுவிலிருக்கும் சின்த்தை. திரும்பத் திரும்ப வருவதாக நினைத்த வரிசை உண்மையில் நகர்ந்துகொண்டிருப்பது இப்போதுதான் தெரியும். ஃபில்டரின் நகர்வு மிக மெதுவாக இருக்கும். நொடிக்கு நொடி தெரியாது. அதைச் சோதிக்க ஒரு தந்திரம்: ட்ராக்கின் முதல் நிமிடத்தில் பத்து நொடி கேளுங்கள், உடனே ஐந்தாம் நிமிடத்துக்குத் தாவிப் பத்து நொடி கேளுங்கள். இரண்டும் வேறு வேறு ஒலியாக இருக்கும். நடுவில் எங்கே மாறியது? திரும்ப முழுதாகக் கேட்டால் அந்த இடம் கிடைக்காது. மாற்றம் முழு நீளத்துக்கும் பரவியிருக்கிறது. தாவுவதை இந்தச் சோதனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வழக்கமாகத் தாவிக் கேட்டால் அந்த நகர்வு இருப்பதே தெரியாது. இரண்டு நிற்கும் படங்கள்தான் மிஞ்சும்.

மூன்றாம் தடவை, கை போட்டு. மாற்றங்கள் எட்டாவது, பதினாறாவது பாரில் விழுகின்றனவா என்று பாருங்கள். விழுந்தால், இசைக்கலைஞர் உறுப்பைக் கழற்றினாலும் சட்டத்தை விட்டுவைத்திருக்கிறார். ஏழில், ஒன்பதில், பதினொன்றில் விழுந்தால் சட்டத்திலேயே கை வைத்திருக்கிறார். எண்ணிக்கை பிசகினால் பதற்றப்பட வேண்டாம். கிக் இல்லாத ட்ராக்கில் பாரின் முதல் பீட்டான ‘ஒன்று’ எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே சில நிமிடம் ஆகும். பேஸ் ஸ்வரம் மாறும் இடத்தை ‘ஒன்று’ என்று தற்காலிகமாக வைத்துக்கொண்டு எண்ணுங்கள். நான்கு ஆவர்த்தனம் நிலைத்தால் சரி. நழுவிக்கொண்டே போனால் அரைப் பீட் தள்ளித் தொடங்கிப் பாருங்கள். ட்ரான்ஸ் பேஸ் பெரும்பாலும் கிக்குக்குக் கிக் நடுவில்தான் விழும் என்பதால் கிக் போனபின் அந்த எதிரடியையே நேர்ப் பீட் என்று எடுத்துக்கொள்வது எல்லோருக்கும் நடக்கும் தவறு.

மூன்று தடவைக்குப் பிறகும் ஓர் ஆல்பம் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். உறுப்பைக் கழற்றியதோடு வேலை முடிந்ததென்று நினைக்கும் ஆல்பங்களும் நிறைய உண்டு. கிக்கை எடுத்த இடத்தில் எதுவும் நடக்காவிட்டால் அது வெறும் இடைவெளிதான். நல்லதற்கும் அல்லாததற்கும் வித்தியாசம் பார்க்க, பரிசோதனை ட்ராக் ஒன்றைக் கேட்ட கையோடு வழக்கமான ட்ரான்ஸ் ஒன்றைப் போடுங்கள். அந்தக் கிக் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அதன் கீழே என்னென்ன அமுங்கிக் கிடக்கின்றன என்பது காதில் விழும்.